கருவாட்டுப் பையும் கதிர்வீச்சு ஊசியும்

போர்ட் பிளேரில் ஒருவன் மெயின்லேண்டுக்குப் போவதை மறைக்க முடியாது. எதற்குப் போகிறான் என்பதை வேண்டுமானால் மறைக்கலாம். "பென்ஷன் விஷயமாகச் சென்னைக்கு" என்று நாங்கள் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட் பகுதி முழுக்கச் சொல்லிவைத்தேன். உண்மையான விஷயம் என் புராஸ்டேட்.

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, எலும்பு வரை போய்விட்டதா என்பதுதான் தெரிய வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு ஸ்கேன் வந்திருக்கிறது. லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது உடம்பெல்லாம் தேடி, புராஸ்டேட் புற்றணு எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு படத்தில் மின்னும். நான் வேலை பார்த்த இலாகாவில் இவ்வளவு சிரத்தையாகத் தேடுகிற ஆள் ஒருவரையும் கண்டதில்லை.

மனைவி கூட வருகிறேன் என்றாள். "எல்லா நடைமுறையும் தெரிஞ்சவனுக்குத் துணை எதுக்கு?" என்றேன். அவள் என் பெட்டி மேல் ஒரு பையை வைத்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தார்.

"அண்ணே, சென்னையில இருக்கிற என் மக மாசமா இருக்கால்ல, கருவாட்டுக்கு ஏங்குது. சிர்ஃப் ஒரு கிலோதான். பென்ஷன் ஆபீஸ்ல சும்மா உக்காந்துதானே இருக்கப் போறீங்க?"

காரணத்தைச் சொல்லாமல் மறுக்க வழியில்லை. வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணை, நான் ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்பே, ஸ்கேன் சென்டருக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். கச்சிதமான ஏற்பாடு. அவள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாள். பை என்னோடு காத்திருப்பு அறைக்கு வந்தது. சற்று நேரத்தில் ஒரு முழு வரிசை நாற்காலியும் எனக்கே கிடைத்தது.

ஸ்கேன் முடிந்ததும் நர்ஸ் எச்சரித்தார்: "சில மணி நேரத்துக்குக் கர்ப்பிணிங்க, கைக்குழந்தைங்க பக்கத்துல போகாதீங்க சார்."

வாசலுக்கு வந்தேன். எதிரே அந்தப் பெண் ஏழு மாத வயிற்றோடு ஆவலாக வந்துகொண்டிருந்தாள்.

"அங்கிள்!"

"அங்கேயே நில்லும்மா!" பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நடந்தேன். "நான் தள்ளிப் போனதும் எடுத்துக்க!"

"ஏன் அங்கிள் ஓடுறீங்க? அம்மா மேல கோபமா?" அவள் இன்னும் வேகமாக வந்தாள்.

"கிட்ட வராதே! ஆபத்து!"

இதைக் கேட்டதும் வாசல் செக்யூரிட்டி விசிலை ஊதினார். "யாரும் பையைத் தொடாதீங்க! யோவ் பெரியவரே, உள்ளே என்னய்யா இருக்கு?"

"கருவாடுய்யா!"

"கருவாட்டுக்கா இப்படி ஓடுற?"

வேறு வழியில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினேன். "பையில ஒண்ணுமில்லய்யா! ரேடியேஷன் எனக்குள்ள இருக்கு! புராஸ்டேட் கேன்சர் ஸ்கேன்!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். செக்யூரிட்டி குனிந்து மோந்து பார்த்தார். "நெத்திலி" என்று சான்றளித்துவிட்டுப் பையை அவரே அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள். யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை மனைவி போனில் சொன்னாள், "பக்கத்து வீட்டம்மா வந்து உக்காந்திருக்காங்க. எனக்குச் சோறு கொண்டுவந்தாங்க. நல்லவேளை, கத்துனீங்க."

மறுநாள் டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். சுரப்பியில் ஒரு சின்னப் புள்ளி மின்னியது. வேறெங்கும் இருட்டு. இருட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்.

ஊர் திரும்பினால் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டிலேயே நின்றார். "என்ன சொன்னாரு அண்ணே?"

"வெளியே பரவலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய்க் காட்டணுமாம்."

அவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உடனே ஏதோ கணக்குப் போடுகிற முகம் வந்தது.

"அப்ப பேரப்பிள்ளை பிறந்திருக்கும். ஒரு சின்னப் பைதான் அண்ணே. ஆனா இந்த வாட்டி ஊசிக்கு முந்தியே கொடுத்துடுங்க, அச்சா?"