கெட்டதுக்கு இடமில்லாத ஹால்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொய் சொல்கிறார். மூன்றாவது மாடி ஏகாம்பரத்தின் உடலைப் பொது ஹாலில் வைக்க விடாமல், பைக்குகளுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தில் போட வைத்தவர் அவர்தான். கேட்டால், ஹால் ஆரம்பத்திலிருந்தே நல்ல காரியங்களுக்கு மட்டும்தான் என்கிறார். அது பொய்.

ஹால் சாவி அன்று என் சட்டைப் பையில் இருந்தது. நான் திறக்கவில்லை. ஆகவே இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செவிலிமேட்டில் இருக்கிற அந்த அடுக்குமாடியில் பதினோரு வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். முழங்கால் தேய்ந்து போனதால் இப்போது வேலையை விட்டுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு சம்ப் கழுவுவதையும் பேனல் போர்டு பார்ப்பதையும் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் எழுதப்போவதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது.

1. லிஃப்டுக்குள் இரண்டு பேர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை ஏழே முக்காலுக்குக் கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே ஆட்கள். நான் கதவைத் தட்டினேன்.

"யாருபா அது?" என்று ஓர் ஆண் குரல்.

"புது சூப்பர்வைசர் சார். மணி."

"மணி, நான் ஏகாம்பரம், மூணாவது மாடி. இந்தம்மாவ ஆறு மாசமா எதிர்ல எதிர்ல பாக்கறேன். இப்பதான் பேர கேட்டுக்கினு இருக்கறேன். நீ ஒண்ணும் அவசரப்படாதபா."

ஒரு பெண் சிரித்தார். "பேரு ஸ்டெல்லா. டீச்சர். எட்டரைக்கு எனக்கு பெல்லு. நீங்க அவசரப்பட்டே வாங்க சார்."

மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடி, மெயினை ஆஃப் செய்து, பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை முதல் மாடிக்கு இறக்கினேன். இறங்கி வந்து பார்த்தால் இரண்டு பேரும் வெளியே நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. புகார் நோட்டில் பேர் இருக்காது. '2சி குழாய் ஒழுகுது', '1ஏ நாய் குரைக்குது' என்று எழுதியிருக்கும். நாற்பது வீடு. நாற்பது பூட்டிய கதவு.

ஏகாம்பரம் நெசவுத் தெருக்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர். பாவு பிணைக்கிற வேலை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; ஒரு பாவு முடியும்போது, அதன் நூல் ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நூலைச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். காலையில் சைக்கிளில் போவார், சாயங்காலம் வருவார். கட்டைவிரல் எப்போதும் வெளுத்தே இருக்கும்.

மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி இல்லை. பில்டர் கம்பியை மட்டும் நட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரமே நைலான் கயிறு வாங்கிவந்து பதினாறு வரிசை கட்டினார். அதன் பிறகுதான் பெண்கள் மாடிக்கு வந்தார்கள். 'உங்க வீட்டுப் போர்வையா அது? காத்துல எங்க வரிசைக்கு வந்துட்ச்சு' என்று ஆரம்பித்த பேச்சுதான் அந்தக் கட்டடத்தின் முதல் பேச்சு.

2. முதல் பொதுக்கூட்டம்

சங்கம் ஆரம்பித்தபோது தரைத்தளத்து ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஹாலை எதற்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. ஒருவர் ஜிம் என்றார். ஒருவர் குழந்தைகள் விளையாடட்டும் என்றார். செயலாளர், பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பூட்டி வைத்தால் சுத்தமாக இருக்கும் என்றார்.

ஏகாம்பரம் எழுந்தார்.

"எங்க பக்கம் நல்லது கெட்டதுன்னா தெருவுல பந்தல் போட்ருவோம். ஒரு சாவு வுழுந்தா தெருவே தறிய நிறுத்திரும். எடுக்கற வரிக்கும் ஒரு வூட்லயும் சத்தம் கேக்காது. இங்க வாசல்ல டவுன் பஸ்ஸு போவுது. தெருன்னு ஒண்ணு இல்ல. அப்ப இந்த ஹாலுதான்பா நமக்குத் தெரு. நல்லது கெட்டதுக்குத் தொறந்து வுடுங்க."

"நல்லது கெட்டதுக்கு. அப்படியே எழுதிக்கவா?" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அவர்தான் மினிட்ஸ் எழுதினார்.

"எழுதுங்கமா."

எல்லாரும் கை தூக்கினார்கள். செயலாளரும் தூக்கினார். நான் சுவரோரம் டீ தட்டோடு நின்று பார்த்தேன். அந்த வரிக்குக் கீழே முதல் கையெழுத்து செயலாளருடையது.

3. போர்டு

ஹால் கதவுக்கு மேலே ஒரு போர்டு எழுதச் சொன்னார்கள். பெயின்டர் பாபு ஏணி போட்டு ஏறினான். மினிட்ஸில் இருந்ததை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்: 'பொது ஹால் – நல்லது கெட்டதுக்கு.' பாபு முதல் வரியை முடித்தபோது செயலாளர் நடைப்பயிற்சி முடிந்து வந்தார்.

"இன்னாபா இது, கெட்டதுன்னு போர்டுல எழுதப் போறியா? வாசல்ல நுழையறவன் கண்ணுல மொதல்ல அதான் படும். எடு, எடு."

"சார், கூட்டத்துல பேசினது" என்றேன்.

"பேசினது நோட்டுல இருக்குது இல்ல? அது போதும். போர்டுன்னா மங்களமா இருக்கணும். சுப நிகழ்ச்சிகளுக்குன்னு எழுது. நீட்டா இருக்கும்."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கெட்டது என்ற சொல்லை வாசலில் எழுத யாருக்குத்தான் மனசு வரும்? போர்டில் இல்லாவிட்டால் என்ன, எல்லாருக்கும் தெரியுமே என்று நினைத்தேன்.

பாபு எழுதி முடித்துவிட்டு இறங்கித் தள்ளி நின்று பார்த்தான். முகம் சுளித்தான்.

"அண்ணே, இந்த ஓரத்துல எடம் காலியா நிக்குது. பாக்க அசிங்கமா இருக்குதுண்ணே. ஒரு பூ போடவா?"

"பூவெல்லாம் வேணாம். 'மட்டும்'னு ஒண்ணு போடு. சரியா போயிரும்."

போட்டான். சரியாகப் போய்விட்டது. 'பொது ஹால் – சுப நிகழ்ச்சிகளுக்கு மட்டும்.'

அந்த 'மட்டும்' செயலாளர் சொன்னதில்லை. சங்கமும் சொல்லவில்லை. காலியாகத் தெரிந்த ஒரு சாண் இடத்தை அடைக்க நான் சொன்னது.

அடுத்த வருஷங்களில் அந்த ஹாலில் நிச்சயதார்த்தம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் எல்லாம் நடந்தது. எந்த வீட்டு விசேஷமானாலும் தோரணம் கட்டியவர் ஏகாம்பரம். புகார் நோட்டிலும் 2சி போய் 'லோகநாதன் வீடு' என்று எழுத ஆரம்பித்தார்கள். அத்தனை வருஷமும் அந்தக் கட்டடத்தில் ஒரு சாவும் விழவில்லை. போர்டை யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

4. அன்று

ஏகாம்பரம் தறியடியில் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்றார்கள். பகல் ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே மகள் பெங்களூரிலிருந்து கிளம்பியிருந்தாள். அவள் வந்து சேரும்வரை அப்பாவை எங்கேயாவது படுக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

லிஃப்டில் நாலு பேர் நிற்கலாம், ஒருவரைப் படுக்க வைக்க முடியாது. மாடிப்படித் திருப்பத்தில் ஃப்ரீசர் பெட்டி திரும்பாது. நான் ஹாலைத் திறக்கக் கதவுப் பக்கம் போனேன். செயலாளர் வந்து நின்றார்.

"மணி, எங்க போற?"

"ஹால தொறக்கலாம்னு சார்."

"நாளைக்குக் காலையில லோகநாதன் பொண்ணுக்கு இங்க வளைகாப்பு. சாவு வெச்ச எடத்துல புள்ளத்தாச்சிய உக்கார வெப்பாங்களா? அறிவு வேணாம்?"

"வேற எடம் இல்ல சார். மகள் வர வரிக்கும்தான்."

"போர்ட பாருபா. இன்னா எழுதியிருக்குது? படி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பாபுவின் எழுத்து. கடைசியில் என்னுடைய 'மட்டும்'. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பூட்டிய ஹாலுக்கு வெளியே ஏழு பைக்கை நகர்த்தி இடம் செய்து, பெட்டியை அங்கே வைத்தோம். தரையில் ஆயில் கறை. அவர் சம்சாரம் காமாட்சியம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். என்னால் அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் என்னிடம் பேசினார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்கண்ணே. போர்டுல போட்ருக்குதே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். சிலர் கால்சட்டையில் பட்டு இழை ஒட்டியிருந்தது. ஒருவர் கட்டடத்தைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"எம்மாம் பெரிய கட்டடம்! ஒரு ஆள படுக்க வெக்க எடம் இல்லியாபா?"

செயலாளர் அதற்குள் மாடிக்குப் போயிருந்தார்.

நாலரை இருக்கும். ஒரு கார் உள்ளே வந்து ஹாரன் அடித்தது. வழியில் நாற்காலி இருந்தது. மறுபடி அடித்தது. காமாட்சியம்மா எழுந்து, தன் நாற்காலியைத் தானே ஓரமாக இழுத்துப் போட்டார்.

காரிலிருந்து இறங்கியவர் லோகநாதன். மரக்கடை வைத்திருப்பவர். பின் சீட் நிறைய வளையல் பெட்டியும் பூவும். ஃப்ரீசர் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு?"

"ஏகாம்பரம்" என்றேன்.

"எப்ப? போன் ஆஃப்ல இருந்துச்சுபா... சரி, ஏன் இங்க? ஹாலு?"

"நாளைக்கு உங்க வளைகாப்பு சார். அதனால செயலாளர்..."

"எங்கள எவன் கேட்டான்?" அவர் குரல் நாலு மாடிக்கும் கேட்டது. "எம் பொண்ணு நிச்சயத்துக்கு வாசல்ல தோரணம் கட்டுனது இந்தாளுடா! வளைகாப்ப இன்னொரு நாளைக்கு வெச்சிக்க மாட்டனா? ஒரு வார்த்தை கேட்டியா நீ? சாவி எங்க? குடு!"

சாவியை எடுத்து நீட்டினேன். காமாட்சியம்மா தலையை ஆட்டினார்.

"வேணாண்ணே. இங்கியே இருக்கட்டும். அவர தூக்கித் தூக்கி வெக்காதீங்க."

லோகநாதன் வளையல் பெட்டியை காரிலேயே விட்டுவிட்டு, பைக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஸ்டெல்லா டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்காமல் காமாட்சியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்து ஒரு வீட்டிலும் டி.வி. ஓடவில்லை. சொல்லி வைத்து நடந்ததில்லை. கேட்டிருந்தால் அத்தனை பேரும் ஹாலைத் திற என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். ஓடி வந்தவள் சட்டென்று நின்று சுற்றிப் பார்த்தாள்.

"எங்கப்பாவ ஏன் வண்டிங்க நடுவுல போட்டு வெச்சிருக்கீங்க?"



5. நோட்டு

காரியம் முடிந்த பிறகு காமாட்சியம்மா வீட்டைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார். ஸ்டெல்லா டீச்சர் தடுத்தார்.

"நான் செத்தா என்னயும் அந்த ஆயில் மேலதானே வெப்பாங்க. உயிரோட இருக்கறப்ப மட்டும் இது எங்க வூடா டீச்சர்?" என்றார் காமாட்சியம்மா.

"பொதுக்கூட்டம் வரிக்கும் இருங்கம்மா. அந்த வரிய எழுதினவளே நான்தான்."

டீச்சர் சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் எழுதினார்: 'முதல் கூட்டத் தீர்மானப்படி ஹாலைத் திறந்திருக்க வேண்டும்.' செயலாளர் பதில் போட்டார்: 'அப்படி ஒரு தீர்மானமே இல்லை. ஆரம்பத்திலிருந்தே சுப நிகழ்ச்சிகளுக்கு மட்டும். போர்டே சாட்சி.'

அந்தச் சாட்சி எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குள் வேலையை விட்டிருந்தாலும், நேரே அவர் வீட்டுக்குப் போய் மினிட்ஸ் நோட்டைக் கேட்டேன்.

"பழைய நோட்டா? எங்கயோ இருக்கும்பா. நீதான் வேலைய வுட்டுட்டியே, உனக்கு எதுக்கு?"

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடம் காலியாக இருக்கிறதே என்பதற்காக ஒரு விதியை எழுதாதீர்கள். வாசலில் ஒரு உடல் வந்து நிற்கும்போது போர்டைப் படிக்காதீர்கள். சாவி உங்கள் கையில் இருந்தால் முதலில் திறங்கள், திட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். வேலை போனால் போகட்டும். எனக்கு வேலை போகவில்லை. அந்த நாற்காலி தரையில் இழுபட்ட சத்தமும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

செயலாளர் சார், வருகிற பொதுக்கூட்டத்துக்கு நானும் வருவேன். 'மட்டும்' என்ற சொல் என்னுடையது என்று எல்லார் முன்னாலும் எழுந்து ஒப்புக்கொள்வேன். காமாட்சியம்மாவிடம் மன்னிப்பும் கேட்பேன். நீங்கள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் கையெழுத்து இருக்கிற அந்தப் பக்கத்தைத் திறந்து, நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படியுங்கள். படித்துவிட்டு, அந்த அம்மா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் எல்லாரும் கை தூக்கி எழுதிய 'கெட்டது' எங்கே போயிற்று?