இறங்கும் ராடில் கட்டிய கயிறு

பாய்லர் என்றால் தரையில் உட்கார்ந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரிய அடுப்பு, அதன் மேல் பெரிய அண்டா, அவ்வளவுதான் என்று. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அது உட்காரவில்லை, தொங்குகிறது என்று. நாலு பக்கமும் ஆறு மாடி உயரத்துக்கு இரும்புத் தூண்கள். தூண்களின் தலையில் ஆள் உயர உத்தரங்கள். அந்த உத்தரங்களிலிருந்து கை மொத்தத்துக்கு இரும்பு ராடுகள் வரிசையாக இறங்கி வந்து, மொத்தப் பாய்லரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அடியில் எந்தக் கல்லும் முட்டுக்கொடுக்கவில்லை.

எதற்காக இப்படித் தொங்க விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கிற ஆளில்லை நான். ஒருநாள் ஒரு ஃபிட்டர் தன்னோடு வந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சூடு ஏறுனா இரும்பு வளரும்பா. கீழ நிக்க வச்சா எங்க போயி வளரும்? மேல முட்டிக்கும். தொங்க வுட்டா கீழ பாத்து வளந்துகினே போவும். ஆறுனா திரும்ப மேல ஏறிக்கும்."

நான் பெருக்குவதுபோலவே அங்கேயே நின்று கேட்டுக்கொண்டேன். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கியது அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு நாலாவது மாடி. அங்கே பாய்லரிலிருந்து ஒரு பெரிய நீராவிக் குழாய் வெளியே வந்து வளைந்து போகும். அதுவும் ஒன்றின் மேலும் உட்காரவில்லை. மேலே உத்தரத்தில் பானை அளவுக்கு இரும்புப் பெட்டிகள், உள்ளே ஸ்பிரிங். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு ராடு இறங்கிக் குழாயைப் பிடித்திருக்கும். பெட்டியின் பக்கத்தில் நீளமாக ஒரு கீறல் விட்டு, அதில் ஒரு முள் வைத்திருப்பார்கள். பாய்லர் ஆறியிருந்தால் முள் மேல் கோட்டில் நிற்கும். எரிந்துகொண்டிருந்தால் கீழ்க் கோட்டில். நடுவில் ஒரு சாண் இருக்கும். அந்தக் கீறலில் சாம்பல் அடைக்காமல் துடைப்பது என் வேலையில் ஒன்று. குழாய் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. காலையில் பார்த்த முள் மாலையில் வேறு இடத்தில் இருக்கும்.

நாலாவது மாடி வேண்டும் என்று மற்ற பெண்கள் யாரும் கேட்கமாட்டார்கள். ஏறி இறங்குவது கஷ்டம், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. எனக்கு அதுதான் வசதி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகள் ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொண்டு போனாள். போன் செய்தால் "சாப்ட்டியாம்மா" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது, அவளுக்கும் நேரமிருக்காது. திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு வீட்டில், சனிக்கிழமை மாலை வேலை விட்டுப் போனால் திங்கள் காலை வரை நான் வாய் திறக்காமலே இருந்ததுண்டு. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வருடத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைத்துப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் என்பார்கள். அப்போது கழுவித் தள்ள நிறைய ஆள் வேண்டும். அப்படி ஒரு ஷட்டவுனில்தான் அவள் வந்தாள். முகத்துவாரக்குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் ஆற்றில் வலை போடுகிறவர். முகத்துவாரத்தில் மீன் குறைந்துபோய், வீட்டில் எல்லோரும் கிடைத்த வேலைக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

முதல் நாள் மத்தியானம் நான் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் டப்பாவைத் திறந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா யக்கா, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிகினு துன்ற? யாருனா புடுங்கிகினு பூடுவாங்களா?"

நான் டப்பாவை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.

"வேணான்னா வாயத் தொறந்து சொல்லு. எடுத்துக்கறேன்."

நான் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப துன்னு."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அவள் பேசுவாள், நான் கேட்பேன். மாமியார் பிடிக்கும் சண்டை, படகில் வந்து மாட்டிய பாம்பு, ஏலத்தில் ஏமாற்றப் பார்த்தவனைப் பிடித்துத் திட்டியது, எல்லாம். சில சமயம் எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

"நீ பேசவே வேணாம் யக்கா. தலைய மட்டும் ஆட்டு. என் வூட்டுக்காரன் அத்தகூட ஆட்டமாட்டான்."

ஷட்டவுன் முடிந்தால் இவளை அனுப்பிவிடுவார்களே என்று எனக்கு அப்போதே கவலை வந்துவிட்டது. நன்றாக வேலை செய்கிறவர்களில் ஒருவர் இருவரை மேஸ்திரி நிரந்தரமாக வைத்துக்கொள்வதுண்டு. இவளையும் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அந்த ஒரு ஆசைதான். சாமியிடம்கூட அதைத்தான் கேட்டேன்.

ஷட்டவுனில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது எங்கள் மேல் எல்லாம் சாம்பல் தண்ணீர் வழியும். அப்படியே பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். அதனால் பெண்கள் குழாயடியில் துணியை அலசி, மாற்றுத்துணி கட்டிக்கொண்டு, அலசியதைக் கைப்பிடிக் கம்பியில் உலரப் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் கடல் காற்றில் காய்ந்துவிடும். நான் மட்டும் ஈரத்தைப் பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன்.

"இன்னாத்துக்கு அந்த நாத்தத்த சொமந்துகினு போற?" என்று கேட்டாள்.

"ஆம்பளைங்க போற வழி" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பச்சை நைலான் கயிறு கொண்டுவந்தாள். வலைக்குப் போடும் கயிறு. தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஸ்பிரிங் பெட்டிக்குக் கீழே இறங்கும் ராடில் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனையைத் தூணோடு ஒட்டி ஏறும் ஒரு மெல்லிய குழாயில் கட்டினாள். ஈரத்துணி போட்டால் தொய்யக் கூடாது என்று காலைத் தூணில் உதைத்து விறைப்பாக இழுத்துத்தான் கட்டினாள்.

"இழுத்துப் பாரு. கடலே வந்து இழுத்தாலும் அவுறாது."

ராடு இறங்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எல்லாம் சில்லென்று கிடந்தது. முள் மேல் கோட்டில் அசையாமல் நின்றது. அது எங்களுக்குத் துணிக்கொடியாகத்தான் தெரிந்தது. எனக்காக ஒருத்தர் கட்டிய கொடி. நான் அதில் என் ரவிக்கையைப் போட்டேன். அவள் வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டாள்.

பாய்லரைத் திங்கட்கிழமை கொளுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிட, ஞாயிற்றுக்கிழமையே கொளுத்திவிட்டார்கள். எங்களுக்கு அன்று லீவு. சனிக்கிழமை மழை தூறியதால் துணி காயவில்லை என்று கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

திங்கள் காலை நாலாவது மாடி ஏறினால் ஒரே ஆம்பளைக் கூட்டம். சூடு ஏற ஏறக் குழாய் கீழே இறங்கி, பக்கவாட்டிலும் நகர்ந்திருக்கிறது. கூடவே ராடும் போயிருக்கிறது. கயிறு அறுந்திருந்தால் வம்பு இல்லை. அது அறுகிற கயிறா? தூணோரம் இருந்த மெல்லிய குழாயை வளைத்து மூட்டிலிருந்து பிடுங்கிவிட்டது. அதில் வால்வுகளுக்குக் காற்று போகுமாம். காற்று நின்றதும் ஒரு வால்வு மூடிக்கொண்டு, பாய்லரை அணைக்க வேண்டியதாகிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பெரிய எஞ்சினியர் வரை வந்து நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், தொய்ந்த பச்சைக் கயிற்றில், என் ரவிக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி எங்களைப் பார்த்துக் கேட்டார். "எவ கட்னது இத்த?"

அவள் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். இவள் சொன்னால் இவளை அனுப்பிவிடுவார்கள். அது மட்டும்தான் என் தலையில் ஓடியது.

"நான்தான்" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அவர் காசிமேடு மீன் துறைமுகத்தில் படகு வைத்திருந்த குடும்பம். ராடருகே போய் முடிச்சை விரலால் தடவினார்.

"நீயா? நீ பொறந்தது புளியந்தோப்பு, அங்க ஏது கடலு? இந்த முடிச்சு போட எங்க கத்துகின?"

"தெரியும்" என்றேன்.

கீழே கிடந்த ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். "கட்டிக் காட்டு பாப்போம்."

கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு, மகள் பள்ளிக்கூடம் போகும்போது ஜடைக்கு ரிப்பன் கட்டியது. அதைத்தான் போட்டேன். மேஸ்திரி ஒரு விரலால் இழுத்தார். பூப்போல அவிழ்ந்து வந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"வுடு மேஸ்திரி" என்றாள் அவள். "அது பேசறதே வருசத்துக்கு ஒரு தபா. அத்தயும் எனுக்காக செலவு பண்ணிச்சி. நான்தான் கட்னேன். ராடு நவுறும்னு எனுக்கு யாருனா சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லைதான். துணி போட்டால் கைப்பிடிக் கம்பியில் மட்டும்தான் போடுவது என்பது பழைய பெண்களுக்குப் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எஞ்சினியர் மேஸ்திரியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினார். மேஸ்திரியும் அவளுக்காக ஏதோ எடுத்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது. திரும்பி வந்து, மத்தியானத்தோடு கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நான் வாசல் வரை போனேன். அவள் என் ரவிக்கையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"'நான்தான்'னு சொன்ன பாரு யக்கா, சோக்கா இருந்துச்சி. முடிச்சிதான் வர்ல உனுக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"இனிமே காசிமேட்டாண்டதான் யாவாரம். ஏலம் போடற எடத்துல நிப்பேன். வந்து கூப்டு, இன்னா?"

அதற்கும் தலையை ஆட்டினேன்.

அந்தக் கயிற்றை மேஸ்திரி கத்தியால் வெட்டினார். தூண் பக்கம் சுத்தமாக வந்துவிட்டது. ராடு பக்கம் முடிச்சு இறுகிப்போய்க் கத்தி நுழையவில்லை. முடிச்சோடு கட்டைவிரல் நீளத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்துப் போட்டார்.

அதன் பிறகு எனக்கு ஒரு புது வேலை வந்தது. பாய்லர் கொளுத்துவதற்கு முன்னால் எல்லா மாடிக்கும் போய், யாராவது கயிறு, துணி, பை என்று எதையாவது கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். "சத்தமா கூவிகினே போம்மா" என்றார் மேஸ்திரி. எனக்குக் கூவ வராது. நானே ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் பை, தண்ணீர்ப் பாட்டில் தொங்கவிட்ட சணல், ஒரு தடவை திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் அவிழ்த்தேன். அந்தப் பச்சை முடிச்சை மட்டும் விட்டுவிட்டேன். மேஸ்திரியும் பார்த்துவிட்டுப் போனார். மறுமுனை எதிலும் கட்டாமல் இருந்தால் அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. ராடோடு இறங்கும், ராடோடு ஏறும். சாம்பல் படிந்தால் முள்ளைத் துடைக்கும் துணியாலேயே அதையும் துடைப்பேன்.

மத்தியானம் தூணுக்குப் பின்னால்தான் சாப்பிட்டேன். முன்பு அது பழகிப்போன இடம். இப்போது பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருப்பது தெரிந்தது. முன்பெல்லாம் அது கண்ணில் பட்டதேயில்லை.

காசிமேட்டுக்கு ஒருமுறை போனேன். விடிவதற்கு முன்பே பஸ் பிடித்துப் போய் நின்றேன். ஆட்டோவும் வேனும் ஐஸ் பெட்டியுமாக நெரிசல். ஏலக்காரர்களின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. யாரோ ஒருவனை, "ந்தா, இது மீனா, மியூசியத்துலேர்ந்து கொண்டாந்தியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு தடவை கூப்பிட்டால் போதும், திரும்பியிருப்பாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கூடைக்காரி ஒருத்தி, "ஓரமா போம்மா, வழியில நிக்காத" என்றாள். ஓரமாகப் போனேன். அப்படியே போய் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது முட்டி வலியால் வேலைக்குப் போவதில்லை. மாலையில் மொட்டைமாடிக்கு மட்டும் மெதுவாக ஏறுவேன். வடக்கே ஆலையின் புகைபோக்கி தெரியும். புகை வந்தால் பாய்லர் எரிகிறது. ராடு ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும், பச்சை முடிச்சும் அதோடு இறங்கியிருக்கும். புகை இல்லையென்றால் மேலே ஏறியிருக்கும். நேற்று புகை இருந்தது. காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மாடியில் நான் கட்டிய கொடி முடிச்சு நழுவி மறுபடியும் தொய்ந்திருந்தது, இறுக்கிக் கட்ட வேண்டும்.