ரேணுகாம்பாள் வீட்டில் மூட்டைப்பூச்சி இல்லை

ரேணுகாம்பாளின் நாற்பத்தாறு வருட வாழ்க்கையின் பெருமை ஒன்றே ஒன்றுதான். அவள் வீட்டில் ஒருநாளும் மூட்டைப்பூச்சி இருந்ததில்லை. அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலையில் பிறந்து, அரசாங்க குமாஸ்தா சகாதேவனுக்கு வாழ்க்கைப்பட்டு, எழுபத்தெட்டாம் வருடம் அரசு வாடகைக் குடியிருப்புக்குக் குடிவந்த நாள் முதலாகக் குழாயடியில் அவள் குடத்தை இறக்கியதும் அந்தப் பேச்சும் இறங்கிவிடும்.

சகாதேவன் மட்டும் வீட்டிலிருந்த ஒரே பிரம்பு நாற்காலியில் உட்காரவே மாட்டார். கேட்டால், "நின்னாதான் சாப்ட்டது செரிக்குது" என்பார்.

எண்பத்து நான்காம் வருடம், தை மாதம். ஒரே மகள் தனத்தைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தன் உயிரும் போகும் என்று ரேணுகாம்பாள் கோயில் கொடிமரத்தடியில் விழுந்து, பக்கத்தில் நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி அழுதுவிட்டு வந்திருந்தாள்.

அந்த வாரம் பார்த்தா மருந்தடிக்கும் சடையன் கைப்பம்போடு வந்து நிற்க வேண்டும்! எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் சாமான்களை வெளியே போட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது குடியிருப்பின் சட்டம். ஏழு வீட்டுக் கட்டில்களும் வெயிலில் கிடந்தன. அடுத்த வீட்டு குர்ஷித் பேகம் தன் பெஞ்சைக் கவிழ்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களும் தொறந்து வுடுங்க. ஒரு வீடு பாக்கி இருந்தா எல்லாப் பூச்சியும் அங்கதான் ஓடுமாம்."

"இருக்கறவங்க அடிச்சுக்குங்கம்மா. இல்லாத வீட்டுக்கு மருந்து எதுக்கு? சம்பந்தி வர்ற நேரத்துல கட்டில வெளிய போட்டா ஊரு என்ன பேசும்?"

சடையன் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டான். "உங்க இஷ்டம்மா. ஆனா வர்றதுங்க சொல்லிட்டு வராது."

கார்த்திகை தீபத்துக்கு ஜனம் திரளுவதுபோல ஏழு வீட்டுப் பூச்சிகளும் சுவர் விரிசல் வழியே ரேணுகாம்பாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வியாழக்கிழமை குர்ஷித் பேகம், வருகிறவர்கள் உட்காரத் தன் பெஞ்சைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏன், எங்கூட்டு நாற்காலிக்கு என்ன கொறச்சல்?" என்றாள் ரேணுகாம்பாள்.

மறுநாள் அந்த நாற்காலியில்தான் மாப்பிள்ளையின் தாயார் சரோஜாவை உட்காரவைத்தாள். சரோஜா பட்டுப்புடவை சரசரக்க இடப்பக்கம் சாய்ந்தாள். பிறகு வலப்பக்கம். பிறகு முன்னால் நகர்ந்து விளிம்பில் தொங்கினாள். நாகரிகம் தெரிந்தவள், சொறியவில்லை. தனம் காபி கொண்டுவந்து நீட்டியபோது சரோஜாவின் ரவிக்கைக் கையில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க அத்தை" என்று தனம் அதை எடுத்து நசுக்கிவிட்டாள்.

"எறும்பு!" என்று அலறினாள் ரேணுகாம்பாள். "இந்தப் பக்கம் எறும்பு கொஞ்சம் ஜாஸ்திங்க!"

சரோஜா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "எங்க ஊரு எறும்பு இப்பிடி நாறாதுங்க. போய் லெட்டர் போடறோம்."

லெட்டர் வரவில்லை. ரேணுகாம்பாள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். சுவரிலும் பூச்சி இருந்ததால் அதிக நேரம் முட்ட முடியவில்லை. ஆனால் பெருமை சாகவில்லை. மாசி பிறந்ததும் குழாயடியில் ஆரம்பித்தாள்.

"ஒக்காந்து எழுந்த நேரத்துல அவங்க ஊரு மூட்டப்பூச்சிய எங்கூட்ல வுட்டுட்டுப் போயிட்டாளே அந்த மகராசி! நல்லவேள, பொண்ணக் குடுக்கல."

வந்தது வெளியூர்ப் பூச்சி என்று ஆனபிறகு மருந்தடிப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அவளே சடையனைக் கூட்டிவந்தாள்.

"எட்டு வீடும் தொறக்கணும்மா" என்றான் அவன்.

ஏழு கதவுகளும் மூடிக்கொண்டன. குர்ஷித் பேகம் ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள்: "இல்லாத வீட்டுக்கு மருந்து எதுக்குக்கா?"

தனம் யாரையும் கேட்கவில்லை. பிரம்பு நாற்காலியை எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவாசலுக்கு இழுத்துவந்து, ஒரு அண்டா வெந்நீரைக் கவிழ்த்தாள். கொத்துக் கொத்தாக மிதந்ததை ஏழு ஜன்னல்களும் பார்த்தன.

"எல்லாம் கீழ்பென்னாத்தூர்ப் பூச்சிங்க" என்றாள் ரேணுகாம்பாள், குரல் இறங்கி.

சாயங்காலம் நாற்காலி காய்ந்ததும், குடிவந்த இத்தனை வருடத்தில் முதல்முறையாக சகாதேவன் அதில் உட்கார்ந்து காபி குடித்தார்.