ஜெல்லிப் பல்செட்

என் அத்தானுக்குப் பல்செட் கட்டும் வேலை. பல் டாக்டர் அல்ல. அப்படிச் சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவதோடு சரி. அந்த அச்சை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் கரைத்து, மெழுகு உருக்கி, பல் பல்லாக அடுக்கிக் கட்டித் தருகிறவர் என் அக்கா புருஷன்தான். அந்த அறையின் அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள். எல்லாம் நம்மைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். முதல்முறை போனபோது நானும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

எது யாருடைய வாய் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கையால் செய்தது. ஆனால் அந்தச் சிரிப்பு தெருவில் எதிரே வந்தால், ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

"அது அவங்க வாய், அவங்க ரகசியம். நான் வெளிய சொன்னா நாளைக்கு எவன் என்னை நம்பி வாயைத் திறப்பான்?" என்பார்.

இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் கெட்டி. மற்றபடி ஓட்டை வாய்.

வீட்டுக்கு வந்துவிட்டால் இன்னொரு பைத்தியம் பிடித்துக்கொள்ளும். இனிப்புச் செய்ய வேண்டும். அதுவும் வீட்டில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். முட்டை இல்லையென்றால் கடைக்குப் போக மாட்டார், முட்டை இல்லாமல் செய்வார். காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, சர்க்கரை போட்டு, டிபன் பாக்ஸில் அடைத்து குக்கரில் வைப்பார், கவிழ்த்தால் புட்டிங். கறுத்துப்போன வாழைப்பழத்தை நறுக்கி உறையவைத்து மிக்ஸியில் அடிப்பார், அது ஐஸ்கிரீம். நமத்துப்போன பிஸ்கட்டை நொறுக்கி, வெண்ணெய் விட்டுப் பிசைந்து, தட்டில் அமுக்கி ஜாம் தடவுவார். அதற்கு என்ன பெயர் என்று கேட்டால், "தின்னு முடிச்சிட்டு வெச்சுக்கலாம்" என்பார். ஒருநாள் வேகவைத்த உருளைக்கிழங்கில் கோகோ தூளையும் சர்க்கரையையும் கலந்து உருட்டினார். துப்புவதற்குத் தயாராக வாஷ்பேசின் பக்கத்தில் நின்றுகொண்டு வாயில் போட்டேன். நாசமாய்ப் போக, நன்றாக இருந்தது. இன்னொரு நாள், புதினா வாசனை வேண்டும், புதினா இல்லை என்று பற்பசைக் குழாயைக் கையில் எடுத்தார். அதை மட்டும் பிடுங்கி ஒளித்துவைத்தேன்.

அவர் கையில் ஒரு பொருளும் குப்பைக்குப் போகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் இதில்தான் வந்தது.

நானும் அம்மாவும் அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு மேல் வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் டாக்டர் மிச்சத்தையும் பிடுங்கிவிட்டார். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். என் அம்மாவுக்குச் சொல் போகவில்லை, சிரிப்புதான் போயிற்று. அவள் சிரித்தால் பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுவார், அவ்வளவு பெரிய சிரிப்பு. அப்படிப்பட்டவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு தன் அறையிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்த மூடிய கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், அதுவும் அத்தான் மேல்தான் வரும்.

அத்தான் அம்மாவுக்கு ஒரு மேல் செட் செய்து தந்தார். "குதிரைப் பல்லு மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. தேய்த்துச் சின்னதாக்கிக் கொண்டுவந்தார். "எலிப் பல்லு" என்றாள். மறுபடி புதிதாகச் செய்தார். இந்தத் தடவை குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கழற்றிவைத்தாள்.

"நாலு பேர் முன்னாடி கழண்டு விழுந்தா மானம் போயிடும். நம்ம குடும்பத்துல, சொந்தபந்தத்துல யாராவது இதைப் போட்டிருக்காங்களா, சொல்லுங்க பார்ப்போம்!"

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். "பால் மிச்சம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லத் துப்பில்லாத மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் செட் காயக் கூடாது, தண்ணீரிலேயே இருக்க வேண்டும் என்பது அத்தான் உத்தரவு. தன் அறையில் வைத்தால் "என்னையே பார்த்துச் சிரிக்குது" என்று அம்மா சொன்னதால், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு மூடி, ஃபிரிட்ஜில் வைத்தோம். அம்மாவின் கதவுக்கு வெளியே தினமும் ஒரு கிண்ணம் புட்டிங்கோ மசித்த பழமோ அத்தான் வைப்பார். காலிக் கிண்ணம் மட்டும் வெளியே வரும், பாராட்டு வராது.

இப்படி இருக்கும்போது அத்தானின் அம்மா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகப் போன் வந்தது. என் அம்மாவுக்குச் சம்பந்தி. அம்மாவைவிட வயதில் மூத்தவர். பல்லோ முத்துக் கோத்தது போல இருக்கும். அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே பேசுவார்.

"அந்தம்மா முன்னாடி நான் பொக்கை வாயோட வர மாட்டேன். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"அவங்க தப்பா எடுத்துப்பாங்கம்மா" என்று அக்கா கெஞ்சினாள். என் பயம் வேறு. அன்றைக்கு ஒளிந்துகொண்டால் அம்மா இனி என்றைக்குமே வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் செருப்புக் கடை வேலை முடிந்து வந்து, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு தட்டில் பல்செட். வெள்ளை வெளேரென்று பல், ரோஸ் நிறத்தில் ஈறு. கதவை நான் இழுத்துத் திறந்த அதிர்வில் அது ஆடியது.

"அத்தான்!"

ஓடிவந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. "எப்படி? அரை பாக்கெட் ஸ்ட்ராபெரி ஜெல்லி கிடந்துது, ஒரு டம்ளர் பால், கொஞ்சம் சோளமாவு. ஊத்தி வைக்க நல்ல அச்சு இல்ல. அத்தை செட்டுக்கு ரப்பர் அச்சு ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன், புதுசு. வெந்நீர்ல கொதிக்க வெச்சுட்டுத்தான் ஊத்தினேன். நாளைக்கு எல்லாருக்கும் ஒரு சிரிப்பா இருக்கும்ல?"

"எங்கம்மா பல்லு இல்லாம ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்குறா, நீங்க அவ பல்லையே செஞ்சு திங்கப் பார்க்கறீங்களா? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இப்பவே கொட்டுங்க!"

அத்தான் முகம் சுருங்கிவிட்டது. "கொட்டிடறேம்மா, கொட்டிடறேன்" என்றார்.

கொட்டுவாரா? ஒரு கிண்ணத்தில் போட்டு, காய்கறிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பாத்திரத்துக்கு இடம் பண்ண அக்கா ஃபிரிட்ஜை ஒழித்தாள். பின்னால் ஒரு கிண்ணத்தில் அம்மாவின் பல்செட் தண்ணீரே இல்லாமல் கிடப்பதைப் பார்த்தாள். "எங்களுக்கு மட்டும் உத்தரவு, இவரே இப்படிக் காயப் போட்டிருக்காரே" என்று முணுமுணுத்துக்கொண்டு அதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, மூடி, முன்னால் வைத்தாள். உண்மையான செட் இருந்த கிண்ணம் எதையோ ஊறவைத்ததாக்கும் என்று கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது. இதெல்லாம் பிறகு விசாரணை வைத்து நாங்கள் கண்டுபிடித்தது.

சம்பந்தியம்மா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, முத்துப் பல்லெல்லாம் தெரிய, "சம்பந்தி எங்க?" என்றார்.

"லேசா... காய்ச்சல் அத்தை" என்றாள் அக்கா. அப்போது சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். புதுச் சேலை, நிமிர்ந்த தலை. வாயில் கை இல்லை.

"வாங்க சம்பந்தி! நல்லா இருக்கீங்களா?"

பல் பளிச்சென்றது. அத்தான் எழுந்தே நின்றுவிட்டார்.

"அட, பல்லு அழகா இருக்கே சம்பந்தி!"

"என் மாப்பிள்ளை செஞ்சது" என்றாள் அம்மா. அவர் செய்த எதையும் அவள் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா உட்கார்ந்து, அக்கா நீட்டிய சூடான காப்பியை வாங்கிக்கொண்டாள். "முன்ன கல்லு மாதிரி இருந்துது. இப்ப என்ன பண்ணினாரோ, மெத்துமெத்துன்னு இருக்கு."

"மெத்துமெத்துன்னா?" என்றார் அத்தான். முகம் வெளுத்தது. அடுத்த நொடி ஃபிரிட்ஜைப் பார்த்து ஓடினார்.

அம்மா காப்பியை ஒரு மடக்குக் குடித்தாள். வாயோரத்தில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது.

"ஐயையோ, ரத்தம்!" என்று சம்பந்தியம்மா அலறினார்.

அம்மா வாயை மூடி, நாக்கை இப்படியும் அப்படியும் சுழற்றினாள். கண்கள் பெரிதாயின. "மாப்பிள்ள... ஒரு பல்லு உள்ள போயிடுச்சு" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "இனிக்குதே?" என்றாள்.

அத்தான் நிஜச் செட் இருந்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அத்தை, அது பல்லு இல்ல, ஜெல்லி! முழுங்குங்க, ஒண்ணும் ஆகாது!"

முடிந்தது, அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள், இனி திறக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். அத்தானை என்ன செய்யலாம் என்றும் யோசித்தேன். அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. வாயைப் பிளந்து, பொக்கை ஈறும் ரோஸ் ஜெல்லியும் தெரியத் தெரியச் சிரித்தாள். பழைய சிரிப்பு. பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்காக அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

சிரிப்பு சம்பந்தியம்மாவையும் தொற்றிக்கொண்டது. தலையைப் பின்னால் சாய்த்து, முன்னால் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது முறை குனிந்தபோது அவர் வாயிலிருந்து ஏதோ எகிறி, மேஜைமேல் இருந்த ரொட்டி புட்டிங்கில் பொத்தென்று விழுந்தது.

முத்துக் கோத்தது போல, மேல் வரிசை முழுதும்.

சம்பந்தியம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். என் அம்மா இத்தனை நாளாகப் பொத்திக்கொண்டிருந்தாளே, அச்சு அசலாக அதே மாதிரி.

அம்மா புட்டிங்கைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். "இதுவும் நீங்க செஞ்சதா?"

அத்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனைத் திட்டாதீங்க" என்றார் சம்பந்தியம்மா, கைக்குள்ளிருந்து. "ரொம்ப வருஷமாச்சு. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

சொந்தத்தில் யாராவது போட்டிருக்கிறார்களா என்று அம்மா கேட்ட அன்றைக்கு அத்தான் வாயைத் திறந்து மூடியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாவம், அந்த ரகசியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியிருக்கிறார். நான் திட்டியதையெல்லாம் நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் ஜெல்லிக்குத் திட்டியது திட்டியதுதான்.

அம்மா எழுந்து போய்ச் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கையை எடுங்க சம்பந்தி. மறைக்கறதுக்கு உள்ள என்ன இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கும்?"

இருவரும் எங்களோடு மேஜையில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து அந்த ரொட்டி புட்டிங்கைப் பல்லில்லாமலே வழித்துத் தின்றார்கள். நடுவில் கிடந்த பல்செட்டைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டார்கள். "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம் மாப்பிள்ள" என்றாள் அம்மா. பிறகு நிஜச் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, கண்ணாடி பார்க்காமலே, "கல்லுதான். பழகிக்கிறேன்" என்றாள்.

சம்பந்தியம்மா புறப்படும்போது அம்மா எல்லோரையும் நிற்கவைத்து விரலை ஆட்டினாள். "நான் பல்லை முழுங்கினதும், சம்பந்தி பல்லு பறந்ததும் இந்த வீட்டைத் தாண்டக் கூடாது. என்ன மாப்பிள்ள?"

"தொழில் ரகசியம் அத்தை. உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றார் அத்தான்.

அவர் சொல்ல மாட்டார். நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள்; எங்கள் தொழிலில் அப்படி ஒரு ரகசியமும் கிடையாது.