அத்தையின் பிரெஞ்சுத் தாளம்

அத்தையின் பிரெஞ்சுப் படிப்பை நான்தான் கெடுத்தேன். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. அப்போது எனக்குப் பதினொரு வயது.

அப்பாவுக்கு வடக்கே வேலை. பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கீழே விளையாடும் பையன்கள் "ஏ மதராஸி" என்று கூப்பிடுவார்கள். போனால் பந்து பொறுக்கிப் போட மட்டும் விடுவார்கள். அப்பாவின் தங்கை பி.ஏ. முடித்துவிட்டு எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் எனக்குக் கேரம் ஆட ஓர் ஆள் கிடைத்தது. அதுவும் கொஞ்ச காலம். ஊருக்குள் நடந்த ஒரு மாலை வகுப்பில் அவள் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்ததும், கேரம் பலகை கட்டிலுக்கு அடியில் போயிற்று.

சிறுவயதில் பாட்டுக் கற்றவள். அதனால் வினைச்சொற்களைத் தொடையில் தாளம் போட்டே அசை பிரிப்பாள். 'பார்-லோன்', பேசுகிறோம், இரண்டு தட்டு. 'ஃபி-னி-சோன்', முடிக்கிறோம், மூன்று.

"பாருடா, ஃபின் பகுதி, இஸ் இடைநிலை, ஓன் விகுதி. நம்ம பேசு, கிறு, ஓம் மாதிரியே. ஆனா வாயில சொல்றப்போ வேற இடத்துல உடையுது. அழகா இல்லே?"

எனக்கு அழகாக இல்லை.

நாக்பூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "அவங்க முன்னாடி வகுப்பைப் பத்தி வாயைத் தொறக்காதே, நிறுத்தச் சொல்லிடுவாங்க. பரீட்சை முடியட்டும்" என்று அத்தை முன்பே சொல்லியிருந்தாள். தலையாட்டியிருந்தேன்.

"பொண்ணு பாடுமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"வராது" என்றாள் அத்தை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"பொய்! தினம் பிரெஞ்சுல பாடுறாங்களே, இப்படி!" என்று நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையில் அடித்து, மூக்காலேயே எல்லா வினைகளையும் ஒப்பித்தேன். கிறுக்குப் பெண் என்று எழுந்து போய்விடுவார்கள், வகுப்பும் நின்றுபோகும், அத்தை என்னோடு இருந்துவிடுவாள் என்று நம்பினேன்.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை இறுகியிருந்த கூடம் கலகலப்பாகிவிட்டது. "கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா எங்க வீட்டுச் சாம்பாருக்கு பிரெஞ்சு எதுக்கும்மா?" என்றார் அந்த அம்மா. அப்பாவும் சிரித்தார். மறுநாளே வகுப்பு நின்றது. பரீட்சைக்கு முன்பே கல்யாணம்.

இப்போது அத்தை எங்கள் ஊர்ப்பக்கமே மகர்பட்டாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போய், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பக்கத்திலேயே ஒரு பிரெஞ்சு வகுப்பில் அவள் பெயரைப் பதிந்திருப்பதாகவும், நானே கூட்டிப்போவதாகவும் சொன்னேன்.

"சின்னப் பையன் வாய் தவறிச் சொல்லிட்டான்னுதான் இத்தனை நாளும் நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகு, "பரீட்சை தேறினா பக்கத்துல போசரியில ஒரு கம்பெனியில எடுத்துக்கறதா இருந்தாங்க. வேலைன்னு ஒண்ணு வந்துட்டா உங்கப்பா கல்யாணத்துக்கு அவசரப்பட மாட்டார். உங்களோடயே இருந்துடலாம்னுதாண்டா படிச்சேன்."

என்னை விட்டுப் போவதற்காகப் படிக்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

வகுப்புக்கு அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். சீக்கிரம் வைத்துவிடுகிறாள்.