அலமாரிமேல் இருந்த பெட்டி

சக்கரக்காரம்மா என்ற பெயர் எங்கள் வீட்டுக் காதுகளில் முதலில் விழுந்தது, பெரிய மைத்துனர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான். ஆளை வாசலிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இனி எழுந்து நடமாடும்வரை இவரை எப்படி நகர்த்துவது என்று ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவருடைய மருமகன் போனை எடுத்துக் கொஞ்சநேரம் தடவிவிட்டு, சக்கரக்காரம்மாவிடம் கேட்டாயிற்று, வந்துவிடும் என்றார். யாரோ சைக்கிள் கடை வைத்திருப்பவள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு வீல்சேர் வாசலில் வந்து இறங்கியது. வாடகை கிடையாது, நம் வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

பிறகு விசாரித்தால் அவள் ஒன்றும் அந்நியம் இல்லை. எங்கள் சின்ன நாத்தனாரின் ஓரகத்தி இருக்கிறாளே, அவள் பெண்தான் சக்கரக்காரம்மாவுக்கு மருமகள். மற்றதெல்லாம் அந்தப் பெண்ணின் வாய்வழியாக வந்து சேர்ந்தது.

சக்கரக்காரம்மா வேலைபார்த்த காலம் முழுக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினாள். முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற வேலைதான். ஆனால் வீட்டுக்குப் போகிற நோயாளியின் சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்வது அந்த லிஃப்டுக்குள்தான். தலைமாடு தூக்குகிற கட்டிலுக்கு எங்கே போவது, ஆக்சிஜன் மெஷினை எவன் தருவான், உங்கள் அண்ணன் எங்கே ஒளிந்துகொண்டான் என்று நாலு மாடி இறங்குவதற்குள் ஒரு குடும்பத்தின் குடலே வெளியே வந்துவிடும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் பக்கவாதத்தில் விழுந்து, சக்கர நாற்காலியிலேயே சில வருஷம் இருந்து கண்ணை மூடினார். நாற்காலி மூலையில் நின்றது. அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்தாள். ஒருநாள் லிஃப்டில் அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம், வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றாள். அந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். சும்மா கிடக்கிற சாமானைக் கொடுக்கிறவர்களும் அவளைத் தேடி வந்தார்கள். பேர் அப்படித்தான் வந்தது.

மகன் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். அம்மா ஓய்வு பெற்றதும் அவளுக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுத்தான். எந்தப் பக்கத்தில் என்ன சாமான் சும்மா கிடக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று அதில் பார்க்கலாம். கடையில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உள்ளறை இரும்பு அலமாரிமேல் ஏற்றி, வெப்சைட் அதிலிருந்தே ஓடும்படி செய்தான். துணைக்கு ஒரு பேட்டரி. எங்கே எவர் அந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டும் என்றான். அம்மாவுக்கு அது போதும். விளக்கு சிமிட்டும்போதெல்லாம், யாருக்கோ என்னவோ வேண்டியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

விலாசத்தையும் நோயாளியின் விவரத்தையும் அவள் ஊருக்குக் காட்டுவதில்லை. அது பெட்டிக்குள் இருக்கும், அவள் மட்டும் பார்ப்பாள். யார் தயங்கினாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "உங்க வீட்டு நோவு என் அலமாரிமேல இருக்கு. வேற எவன் கைக்கும் போகாது." அந்த வார்த்தையை நம்பித்தான் ஜனங்கள் வாயைத் திறந்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து மகன் மெல்லப் பேச்செடுத்தான். வீட்டில் வைத்து ஓட்டுவது சரிப்படாது, கரண்டு போகிறது, வெயிலில் பெட்டி கொதிக்கிறது, இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, மாதாமாதம் கட்டினால் ராத்திரி பகல் பாராமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றான். பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே ஒன்று இருப்பதாகவும் சொன்னான். அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஊரார் வீட்டு நோவைக் கொண்டுபோய் மொகந்தெரியாதவன் கையில குடுக்கச் சொல்றியா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது."

மகன் அதற்குப்பிறகு வாயே திறக்கவில்லை. பிள்ளை சொன்ன சொல் கேட்கிறவன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அன்றுமுதல் பெட்டிக்கு ராஜ உபசாரம். வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறியை அலமாரியைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். மருமகள் அடுப்படியில் வேர்வையில் குளித்துக்கொண்டு சமைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. யார் வீட்டுக் கல்யாணமானாலும் சக்கரக்காரம்மா தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவாள். ஒருநாள் தெரு முழுக்கக் கரண்டு இல்லை. அந்த நேரத்தில் ஒருவர், இப்போதுதான் வெப்சைட்டில் பார்த்தேன், வாக்கர் இருக்கிறதாமே என்று போன் பண்ணினார். நம் பேட்டரியைப் பார்த்தீர்களா, மணியான பேட்டரி என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லித் திரிந்தாள்.

அவளுக்கு ஒரே தங்கை. புருஷன் போனபிறகு வேறு ஊரில் தனிக்கட்டை, பள்ளிக்கூட உடுப்புத் தைத்துப் பிழைக்கிறவள். அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றானபோது, ஒரு மாசம் வந்து கூட இரு என்று அக்காவைக் கூப்பிட்டாள். மகன் பகலெல்லாம் கடையில், மருமகளுக்கோ பெட்டி நின்றுபோனால் கிளப்பத் தெரியாது. பெட்டியை விட்டு நகர முடியாது என்று சக்கரக்காரம்மா சொல்லிவிட்டாள்.

"சரிக்கா. பெட்டியைப் பத்திரமாப் பாத்துக்கோ."

தங்கை அப்புறம் போன் பண்ணவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாளாம். அதுவும் மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த வருஷம் தங்கைக்கு மற்றக் கண்ணிலும் ஆபரேஷன் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. தங்கை கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் சக்கரக்காரம்மாவை அரித்தது. இந்தத் தடவை போகாவிட்டால் உறவு அறுந்ததுதான் என்று புரிந்துவிட்டது. போகவேண்டுமானால் பெட்டியின் வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும். யோசித்து யோசித்து, மகன் சொன்ன கம்பெனிக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அத்தனை வீராப்புப் பேசிவிட்டு அவனிடம் போய் நிற்க முகமில்லை. ஆகவே காதும் காதும் வைத்தாற்போல், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கம்பெனி என்றால் மூன்றாம் மாடியில் ஓர் அறை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இரும்பு அடுக்குகளில் பெட்டி பெட்டியாக இருந்தன, குளிர் தடுப்புக்கு வெளியிலும் அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். சக்கரக்காரம்மா அவளைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். இதற்குள் யார் யார் வருவார்கள், ராத்திரி யார் பார்ப்பார்கள், விலாசங்களை நீ படிப்பாயா. அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டு, வெப்சைட் பெயர் என்ன என்று கேட்டுத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தரம் தட்டினாள்.

"அம்மா, இது எங்ககிட்டதானே இருக்கு."

"இல்லம்மா, எங்க வீட்ல இருக்கு. அலமாரிமேல."

"இங்க வந்து ரெண்டு வருஷத்துக்குமேல ஆச்சும்மா. மாசாமாசம் உங்க பையன்தான் கட்டுறார்."

சக்கரக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாருடையதாவது இருக்கும், சரியாகப் பார் என்றாள். அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவளுடைய வெப்சைட்தான், அவளுடைய வீல்சேர் படம்தான். வீட்டில் பச்சை விளக்கு சிமிட்டுகிறதே என்று கேட்டாள். இங்கிருப்பதை அந்தப் பெட்டி அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது, அதற்குத்தான் சிமிட்டும் என்றாள் அந்தப் பெண். மற்றபடி அதற்கு வேலை ஒன்றும் இல்லையாம், நிறுத்திவிட்டால்கூட யாருக்கும் தெரியாதாம்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். தங்கைக்கு முதல் ஆபரேஷன் நடந்த மாதத்தைச் சொல்லி, அப்போதும் இங்கேதான் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது. வெளியே வந்து பஸ் நிலையத்து பெஞ்சில் பேயறைந்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப் பக்கம் போகிற பஸ் கண்ணெதிரே வந்து போயிற்று, அடுத்ததும் போயிற்று.

வீட்டுக்கு வந்து அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி, பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகிற பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. போனில் வெப்சைட்டைத் திறந்தாள். ஒன்றுமே நடக்காததுபோல் அது திறந்தது. மருமகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அந்த வேக்காட்டுல நின்னு சமைச்சியே. ஃபேனையாவது திருப்பிக்கன்னு கேக்கத் தோணலியா?"

"கேட்டா நீங்க ஏன்னு கேப்பீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. அதான் பேசாம இருந்துட்டேன்."

சாயந்திரம் மகன் வந்தான், அணைந்த பெட்டியைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அவன் மறைக்கவில்லை. அம்மா மாட்டேன் என்ற பிறகு ஒருநாள், அரைநாள் முழுக்கப் பெட்டி நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கென்று ஒருவர் ஆக்சிஜன் மெஷின் தேடி வெப்சைட் திறக்காமல், போன் நம்பரும் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் அவன் கடையைத் தேடி வந்து நின்றாராம். மெஷின் கிடைத்துவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மனுஷர் நின்ற நிலையைப் பார்த்தபிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாரமே கம்பெனிக்கு மாற்றிவிட்டான். சொன்னால் அம்மா குதிப்பாள் என்று பெட்டியை அப்படியே விட்டுவைத்தான். இதையெல்லாம் அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

"சித்தி கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கலாமேடா."

அவன் அணைந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ போகப் பிடிக்காமத்தான் பெட்டியைச் சாக்கு சொல்றேன்னு நெனச்சேம்மா. சித்தப்பா செத்தப்பவும் அப்பாவைச் சாக்கு சொல்லி ஒரு வாரம் கழிச்சுத்தானே போனே."

கம்பெனியில் கேட்டதைவிட இது அவளைப் போட்டு உலுக்கியது. பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். மருமகள் பின்னால் எங்களிடம் சொன்னாள், அத்தை அப்படி வாயடைத்து நின்று தான் பார்த்ததே இல்லை என்று.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாகப் போன் போட்டாள். உங்கள் விவரம் என் அலமாரிமேல் இல்லை, கம்பெனியில் இருக்கிறது, எனக்கே நேற்றுத்தான் தெரியும், வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் முழுசாகச் சொன்னாள். முக்கால்வாசிப்பேருக்கு அவள் என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. அது எங்கே இருந்தால் என்ன, மெத்தை எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். ஒரே ஒருத்தி மட்டும் சத்தம் போடாமல் அழுதாள். அவள் மகனுக்கு மனசு சரியில்லாத விஷயத்தை அவள் தன் கூடப்பிறந்தவர்களுக்கே சொன்னதில்லை. உங்களை நம்பித்தானே சொன்னேன் என்றாள். சக்கரக்காரம்மா கம்பெனிக்குத் திரும்பப் போய், அந்தப் பெயர் அடியோடு அழிகிறவரை பக்கத்திலேயே நின்றாள். வெப்சைட்டை மகன் பேரிலிருந்து தன் பேருக்கு மாற்றச் சொன்னாள். மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ஆக்சிஜன் தேடி வந்த அந்த மனுஷரை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றாள்.

பிறகு ஒரு பையோடு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை தையல் மெஷினில் இருந்தாள், எழுந்திருக்கவில்லை. அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் கூப்பிட்டப்ப அந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல."

"உனக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது. ஆனா தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனான்னு கேட்டா, அதுவும் எனக்குத் தெரியலடி."

தங்கையின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு நூலைக் கடித்துத் துப்பினாள்.

"அந்தத் துணி மூட்டையைத் தள்ளிவை. அங்க படுத்துக்கலாம்."

ஆபரேஷன் முடிந்தது, சொட்டு மருந்தும் முடிந்தது. சக்கரக்காரம்மா திரும்பவில்லை. இப்போது தங்கை வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள், பகலில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள், நடுநடுவே நாற்காலி கேட்டு வருகிற போனுக்குப் பதில் சொல்கிறாள். வெப்சைட் அந்த மூன்றாம் மாடிக் கம்பெனியில், அவள் பேரில் இருக்கிறது.