செம்பூரில் எங்கள் வீட்டுக்குள் நின்ற மரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு நவி மும்பை நெருள் ஸ்டேஷனில் வண்டி ஏறினோம். நான், என் அக்கா செல்லக்கனி, அவள் மகன் முருகேசன். செம்பூருக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்கா கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நாங்கள் போனது ஒரு மரத்தைத் தேடி.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு தீயில் சந்தோடு சேர்ந்து எங்கள் குடிசையும் போனது. வீடு போனவர்களைச் செம்பூரில் ஒரு பூங்காவுக்குள் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்தார்கள். ஆறு மாதம் என்றார்கள், நாலு வருஷம் இருந்தோம். நான் அங்கேதான் பிறந்தேன். நடக்கத் தெரிவதற்குள் வேறு இடம் போய்விட்டதால் எனக்கு எதுவும் நினைவில்லை.

அக்காவுக்கு அப்போது எட்டு வயது. அவள் சொல்வது இது: பூங்கா மரங்களை வெட்டக் கூடாது என்பதால் மரங்களை விட்டுவிட்டு நடுநடுவே கொட்டகை போட்டார்கள். ஒரு புளியமரத்துக்கு மட்டும் ஒதுங்க இடமில்லை. அது ஒரு அறைக்குள்ளேயே நின்றது. கூரைத் தகரத்தில் ஓட்டை வெட்டி அதை வெளியே விட்டிருந்தார்கள். புளியமரத்தில் பேய் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் யாரும் அந்த அறையை வாங்கவில்லை. அப்பா வாங்கினார். "பேய் இருந்தா வாடகையில பாதி குடுக்கட்டும்" என்றாராம். அம்மா நாலு வருஷம் காசு கொடுத்துப் புளி வாங்கவில்லை. தோல் தொங்கவிடும் கொக்கி ஒன்றை அப்பா கொண்டுவந்து மரத்தில் அடித்தார். அதில்தான் என் தொட்டில் தொங்கியது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து அறைக்காரர்கள் எங்கே என்று தெரியாது. அக்காவுக்குச் சாட்சி கிடையாது.

இரண்டு மாதம் முன்பு அவள் மாட்டுங்காவில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது வண்டியில் அசந்து தூங்கி, நெருளைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் பன்வெல் வரை போய்விட்டாள். முருகேசன் பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். அங்கே பழைய கதை கேட்டதும் அக்கா மரத்தைச் சொல்லிவிட்டாள். "வீட்டுக்குள்ள மரமாம் மாமா. டாக்டர் என்னைப் பாக்கிறார், நான் அவரைப் பாக்கிறேன்" என்று எனக்குப் போனில் சொன்னான். அன்றே அவளுடைய ரயில் பாஸை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டான். வாரம் தவறாமல் மாட்டுங்கா, தாராவி என்று சுற்றியவள் நெருளில் மகனுடைய ஆறாவது மாடி வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வேலை பார்க்கும் சூரத்திலிருந்து வந்த அன்றைக்கே அக்கா சொன்னாள்: "ஏலே, என்னைக் கூட்டிட்டுப் போ. மரம் இல்லன்னா நான் வீட்டோட கெடக்கேன். இருந்துச்சுன்னா ஒருத்தனும் என் பாஸைத் தொடக்கூடாது."

முருகேசன் ஒத்துக்கொண்டான். எனக்கும் நிச்சயமில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ ஊர் பார்த்தவன் நான், வீட்டுக்குள் மரம் நின்று பார்த்ததில்லை.

ஏழு ஐம்பதுக்குச் செம்பூர். பூங்காவுக்கு ஆட்டோ மீட்டரில் முப்பத்தொன்று ஆனது. இட்லி சாப்பிடலாம் என்றேன். "மரத்தைப் பாத்துட்டுச் சாப்பிடுதேன்" என்று அக்கா முன்னால் நடந்தாள். வாசலில் படியேறி உள்ளே போனால் நடைபாதை, ஊஞ்சல், உடம்புக்கு நல்லதென்று தினமும் கைதட்டிச் சிரிக்கும் கூட்டம் ஒன்று. வாசல் பக்கம் ஒரு புளியமரம். "இது சின்னப் பய" என்று தள்ளிவிட்டாள். ஊஞ்சலுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

கொக்கி அப்பாவின் தலைக்கு மேலே இருந்ததாம். நானும் முருகேசனும் அண்ணாந்துகொண்டு சுற்றினோம். அவன் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். வெள்ளை நிஜாரில் நடந்துகொண்டிருந்த பாலக்காட்டுப் பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்னத்தைத் தேடறேள்?"

சொன்னேன். சிரித்தார். "மரம் வளர்றதோன்னோ? ஆணியும் கூடவே மேலே போயிருக்கும். ஏணி வச்சுன்னா பாக்கணும்!"

அரை மணி ஆயிற்று. ஒன்றுமில்லை. முருகேசன் அம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, போலாமா? வெயில் ஏறுது" என்றான். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னக் குழந்தையிடம் பேசுவதைப் போல மெதுவாகச் சொன்னான். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, வாசல்ல நாம படியேறித்தான வந்தோம்?"

"ஆமா."

"அப்பல்லாம் ரோட்டுலேருந்து கீழ எறங்கி வருவோம். மழைக்கு வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி நிக்கும். மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டானுவ. அண்ணாந்து பாத்தா எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு அவள் எங்களைக் கேட்கவில்லை. "கதவு கெழக்க. அடுப்பு அந்தா. அடுப்புப் பக்கம் தொட்டில் கட்ட மாட்டாவ, பொறி பறக்கும்" என்று மரத்தைச் சுற்றி வந்தாள். ஒரு இடத்தில் குனிந்து, இடுப்பு உயரத்தில் பாசியைச் சுரண்டினாள். பட்டை அங்கே உதடு குவித்தாற்போல் மடிந்திருந்தது. மடிப்புக்குள் விரலை விட்டாள்.

"முருகேசா, கையைக் குடு."

அவன் முழங்கால் மண்ணில் பட உட்கார்ந்து விரலை விட்டான். இரும்பு. கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வளைவு, மீதியை மரம் விழுங்கியிருந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை.

"எங்க அப்பா அடிச்சதுடா. நீ ஆட்டுனா வருமா?"

பெரியவர் அவரும் தொட்டுப் பார்த்தார். ஏணியைப் பற்றிப் பேசவே இல்லை. "எல்லாரும் இங்கே வாங்கோ! இந்த மாமி ஆத்துக்குள்ள நின்ன மரமாக்கும் இது!" என்று தானே கண்டுபிடித்ததைப் போலக் கூப்பிட்டார். சிரிக்கும் கூட்டம் முழுவதும் வந்தது. அக்கா பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இல்லாத சுவர்களுக்கு நடுவே எல்லாருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். தமிழில் பாதி, ஹிந்தியில் பாதி.

"நீங்க நிக்கது அடுப்புல" என்றதும் பெரியவர் துள்ளி விலகினார். எல்லாரும் கைதட்டினார்கள். முருகேசன்தான் அதிகமாகத் தட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினான்.

கூட்டம் கலைந்த பிறகு நான் மட்டும் கொக்கியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். போன ஊரிலெல்லாம் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். இரண்டே முறை பார்த்த திருநெல்வேலியைச் சொல்லிச் சமாளிப்பேன். இனி அது வேண்டாம். செம்பூர், புளியமரத்து அறை. தற்காலிகம் என்று கட்டிய வீடுதான், ஆனாலும் அப்பா அடித்த இரும்பு அடித்த இடத்தில் இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். நூற்றைம்பது ரூபாய். அக்கா இரண்டு தட்டு. கை கழுவிவிட்டு முருகேசன் பர்ஸிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தான். கொண்டுவந்திருக்கிறான்!

"ஸாரிம்மா."

"சரி, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் மாட்டுங்கா போயிட்டு வாரேன்."

"இன்னைக்கேவா? ஞாயிறும்மா!"

"ஞாயித்துக்கிழமையும் பூ விக்கான்."

ஒன்பதே முக்காலுக்கு நாங்கள் பன்வெல் பக்கப் பிளாட்பாரத்தில் நின்றோம். எதிர்ப்பக்கம் அக்கா தனியாக நின்றாள்.

"குர்லாவுல மாறணுமே மாமா. போன் பண்ணவா?"

"பண்ணு. எடுக்க மாட்டா."

அவள் வண்டி முதலில் வந்தது. நின்றது, நகர்ந்தது. பெண்கள் பெட்டி எங்களைக் கடந்தபோது கையை ஆட்டினோம். அக்கா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. மடியில் கூடை வைத்திருந்த ஒரு மராத்திக்காரியிடம், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.